துவக்கு நியூசிலாந்துல, காசு வெள்ளவத்தைல – கவனம்!

நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் இருக்கிற உங்கட தம்பி, மச்சான் ஆராவது செகண்ட் ஹேண்ட் ரைபிள் வாங்கப் போறாங்க, விக்கிற ஆள் "பாதிக் காச கொழும்புல எங்கட வீட்ட குடுங்கோ" எண்டு கேக்குறார் எண்டா, இத வாசிச்சிட்டு குடுங்கோ.

என்ட தம்பி நியூசிலாந்து ஹமில்டன்ல இருக்கிறான். துவக்கு லைசன்ஸ் எடுத்தாச்சு. அவனுக்கு ஒரே துவக்கு ரெண்டு வேலைக்கும் வேணும், ரேஞ்ச்ல 600 மீட்டர் டார்கெட், லீவுக்கு மலையில மான். (இங்க மான் சுட்டா நேரா உள்ளதான், அங்க மான் வெளியில இருந்து கொண்டு வந்து விட்டது, பெருகி காட்ட அழிக்குது எண்டு சுடச் சொல்லுறாங்க, அரசாங்கக் காட்டுக்கு பெர்மிட்டும் ஃப்ரீ.) 6.5 கிரீட்மோர் (அது தோட்டாவின்ட சைஸ்), நடுத்தர மொத்தத்தில பரல் (துவக்கின்ட குழாய்), அதுக்குள்ள சன்னத்த சுழட்டுற வரி 8 இஞ்சிக்கு ஒரு சுத்து, இதத்தான் நான் பாக்கச் சொன்னன், உதை கம்மி, தூரத்துக்கும் நல்லம், தோள்ல போட்டுட்டு மலை ஏறவும் ஏலும்.

அப்ப வந்து சேந்தவர் ஆக்லண்ட்ல இருக்கிற எங்கட கொழும்பு ஆள் ஒருத்தர். ஒரே ஸ்கூல், அண்ணை அண்ணை எண்டு கதைச்சுக் கதைச்சு .300 வின் மேக் (அதவிட பெரிய, வெடிமருந்து கூடின தோட்டா), ஹெவி பரல், ஸ்கோப்போட, "ரெண்டுக்கும் இதுதான் அண்ணை, 200 வெடி கூட போகேல்ல" எண்டு தம்பியின்ட தலையில கட்டிட்டார். 100 மீட்டர்ல மூண்டு ஓட்டையும் ஒரு காசுக்குள்ள நிக்கிற மாதிரி ஒரு போட்டோவும் அனுப்பினவர். எப்ப எடுத்தது எண்டு கேட்டதுக்கு பதில் இல்ல. சுட்டுப் பாத்து வாங்குவம் எண்டா ஒவ்வொரு முறையும் ரேஞ்ச் ஃபுல், மழை, பிள்ளைக்கு காய்ச்சல். பேப்பர் எல்லாம் கிளீன், அரசாங்கத்தின்ட துவக்கு ரெஜிஸ்ட்ரில பேர் மாத்தினதும் ஒழுங்கு. ஆனா 2023 ஜூன்ல வந்த அந்த ரெஜிஸ்ட்ரி துவக்கு ஆரின்ட கையில எண்டுதான் சொல்லும், எத்தின வெடி போனது எண்டு சொல்லாது. பாதிக் காச நான் வெள்ளவத்தைல அவரின்ட அத்தான்ட குடுத்தன்.

தம்பி ரேஞ்சுக்கு கொண்டு போனா 100 மீட்டர்லயே வெடி 9 சென்டிமீட்டருக்கு பரவுது. அதையே 600 மீட்டருக்கு கணக்குப் பண்ணுங்கோ, அரை மீட்டருக்கு மேல! மானின்ட நெஞ்சுக்குள்ள சுடுற இடமே ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதானே. ஸ்கோப் மவுண்ட இறுக்கிப் பாத்தான், தோட்டா மாத்தினான், வேற ஸ்கோப்பும் போட்டுப் பாத்தான், அதேதான். கடைசியா துவக்கு திருத்துற ஆள் போர்ஸ்கோப்ப (பரலுக்குள்ள பாக்கிற சின்ன கமரா) உள்ள விட்டு படம் காட்டினார். சன்னம் வெளியில வாற வாய்ப் பக்கம் சும்மா மினுமினு எண்டு இருக்கு, ஆனா தோட்டா இருக்கிற அறைக்கு முன்னால, தொண்டை எண்டு சொல்லுற இடம், கோடையில வத்தின குளத்து மண் மாதிரி பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு, வரியும் தேஞ்சு போச்சு. .300 வின் மேக்குக்கு வெடிமருந்து கூட, சூடு கூட, டார்கெட் அடிச்சு அடிச்சு பரல சூடாக்கினா ஆயிரம், ஆயிரத்தைநூறு வெடியிலேயே தொண்டை போயிடும். .308 எண்ட மருந்து குறைஞ்ச தோட்டா எண்டா ஐயாயிரம் கூட ஓடும். 200 வெடியில இப்பிடி ஆகவே ஆகாது.

பரல் நல்லா இருந்தாலும் இது மானுக்கு சரிவராது. ஸ்கோப்போட 6 கிலோவுக்கு மேல, ஆர் மலைக்கு தூக்கிறது? அதோட குடுத்த தோட்டா எல்லாம் மேட்ச் சன்னம், அது கடதாசியில ஓட்டை போடத்தான், மிருகத்தில பட்டா ஒழுங்கா விரியும் எண்டு நம்ப ஏலாது, மான் காயத்தோட ஓடிடும்.

ஆளுக்கு போன் எடுத்தா "துவக்கு நல்லம், உங்கட தம்பிக்குத்தான் சுடத் தெரியா" எண்டுறார். அத்தான் பாவம் போல கதைக்கிறார், "எனக்கு துவக்கு பற்றி ஒண்டும் தெரியா தம்பி, காசு வீட்டுக் கூரைக்கு போட்டாச்சு." புதுப் பரல் போடுற செலவுக்கு நல்ல துவக்கே பழசா வாங்கலாம்.

பழசு வாங்கிறவை போர்ஸ்கோப் படம் கேளுங்கோ, தொண்டையின்ட படம், வாய்ப் பக்கத்த காட்டி ஏமாத்த விடாதேங்கோ. வாங்கிற ஆள் தன்ட கையால சுட்டுப் பாக்காம இங்க ஒரு ரூவா கூட குடுக்காதேங்கோ. அதே ஆள் இப்ப இன்னொரு ரைபிள் விக்கிறாராம், அதுவும் "200 வெடி கூட போகேல்ல"யாம். இந்த முறை காசு தெஹிவளைல குடுக்கட்டாம்.