கழுகு முத்திரை லைக்காவா? முதலில் லென்ஸைக் கழற்றச் சொல்லுங்கள்

பழைய லைக்கா (ஜெர்மன் கேமரா) வாங்க இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் அனுப்பும் முன் லென்ஸைக் கழற்றி, உள்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அதனால்தான் லைக்கா என்று பெயர் வெட்டிய ஒரு சோர்க்கி, லைக்காவைப் பார்த்துச் செய்த சோவியத் கேமரா, இப்போது என் மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

விளம்பரத்தில் லைக்கா II, எல்மார் 50 மி.மீ. லென்ஸ், ஜெர்மன் விமானப்படைக்குச் செய்தது, போர் நிருபர் ஒருவர் வைத்திருந்தது என்று போட்டிருந்தார்கள். மேல்தகட்டில் நாஜிக் கழுகு முத்திரை. எனக்கு இந்த வரலாறெல்லாம் அத்துப்படி என்ற நினைப்பு வேறு: 1925-இல் லைப்சிக் சந்தைக்கு வந்த முதல் லைக்காவில் தூரத்தைக் கண்மதிப்பில் வைக்க வேண்டும், 1932-இல் வந்த II-இல்தான் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோடு இணைந்தது, லென்ஸைத் திருப்பினால் அதில் தெரியும் இரண்டு பிம்பமும் ஒன்றாகச் சேரும்... இதெல்லாம் தெரிந்தும் ஏமாந்தேன்.

பார்சல் வந்த அன்றே லென்ஸைக் கழற்றினேன். லென்ஸின் பின்விளிம்பைத் தொட்டுத் தூரத்தைச் சொல்கிற நெம்புகோல் ஒன்று உள்ளே மேல்பக்கம் இருக்கும். நிஜ லைக்காவில் அதன் நுனியில் குட்டி உருளை சுழலும். என்னுடையதில் உருளையே இல்லை, ஆப்பு மாதிரி சரிவான ஒரு தகடுதான். வயிறு கலங்கிவிட்டது. அப்புறம் லென்ஸைப் பார்த்தேன். மாக்ஸ் பெரெக் வடிவமைத்த எல்மாரில், ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் இதழ்கள் முதல் கண்ணாடிக்கு அடுத்தே இருக்கும். இதில் இரண்டாவது கண்ணாடிக்குப் பின்னால். அதாவது இண்டஸ்டார்-22 என்ற சோவியத் லென்ஸ். உடலில் இருந்த எண்ணை லைக்கா வரிசைப் பட்டியலில் தேடினால் அது வேறு மாடலுக்கு உரியது. கடைசியாக, மேசை விளக்கைச் சாய்த்துப் பிடித்து பூதக்கண்ணாடி வழியே பெரிதாக்கிப் பார்த்தால், கழுகுக்குக் கீழே தேய்த்து அழித்த ரஷ்ய எழுத்துகளின் தடம் மங்கலாகத் தெரிகிறது.

சோர்க்கியை மாஸ்கோ அருகே கிராஸ்னோகோர்ஸ்க்கில் செய்ய ஆரம்பித்ததே 1948-இல். போர் முடிந்தது 1945-இல். எந்த நிருபர் இதைத் தூக்கிக்கொண்டு எந்தப் போருக்குப் போனாரோ!

விற்றவரிடம் கேட்டால், "சார், லைக்கா லென்ஸ் மரை அப்படியே ஏறுதே, அப்புறம் என்ன போலி?" என்கிறார். ஏறும்தான், இரண்டுமே 39 மி.மீ. மரை. ஆனால் லைக்காவின் ஃபோகஸ் கணக்கு 51.6 மி.மீ. குவியத்தூர லென்ஸை வைத்து, சோவியத் கணக்கு கான்டாக்ஸ் என்ற இன்னொரு ஜெர்மன் கேமராவின் வழியில் 52.4-ஐ வைத்து. தூரத்தில் வித்தியாசம் தெரியாது, கிட்டே போய் முகம் எடுத்தால் கண்ணை விட்டுக் காதில் போய் நிற்கும் ஃபோகஸ். இதை எழுதி அனுப்பினேன். பழைய பொருள், திரும்ப எடுக்க மாட்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது, அதோடு சரி.

எனக்கு எரிச்சல் சோர்க்கி மேல் இல்லை. அதன் மூத்த அண்ணன் ஃபெட், கார்கிவ் பக்கத்தில் அனாதைச் சிறுவர்களுக்காக நடத்திய தொழிற்கூடத்தில் 1934-இலிருந்து லைக்காவைப் பார்த்துச் செய்தது. ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஷின்ஸ்கி என்ற சோவியத் ரகசியப் போலீஸ் தலைவரின் பெயர் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். சோர்க்கி என்றே சொல்லி விற்றிருந்தால், அதற்குரிய விலையில் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். இப்போதோ நல்ல சோர்க்கி ஒன்றின் மேல்தகட்டையும் சுரண்டிப் பாழாக்கி, ஷட்டர் திரையில் ஊசி ஓட்டைகளோடு என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இன்னொன்று: தங்க முலாம், பாம்புத்தோல், 1936 பெர்லின் ஒலிம்பிக் என்று ஜோடித்தவை கண்ணில் பட்டாலும் இதே சந்தேகத்தோடு பாருங்கள்.

நேற்று பார்த்தேன், அதே ஆள் புதிதாக ஒன்றை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். இந்த முறை கழுகுக்குப் பதில் நங்கூரம், கடற்படைக்குச் செய்ததாம். பதினொரு படங்கள் இருக்கின்றன. ஒன்றில்கூட லென்ஸைக் கழற்றவில்லை.