280 பவுண்ட் கொடுத்து வாங்கிய பட்டினிப் பாம்பு: ராயல் பைதான் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன். வீட்டிலேயே பாம்பு பொரிக்க வைத்து ஆன்லைனில் விற்பதாகச் சொல்லும் ஒரு ரெப்டைல் கடை, இங்கிலாந்தில். பெயர் வேண்டாம். "எட்டு மாதக் குட்டி, இங்கேயே பொரித்தது, ஃப்ரோசன் எலியை (உறைய வைத்த செத்த எலி) ஒரு வாரம்கூட மறுத்ததில்லை" என்று சொல்லி, வீட்டில் வளர்க்கும் சிறிய ஆப்பிரிக்க மலைப்பாம்பான ராயல் பைதான் குட்டி ஒன்றுக்கு 280 பவுண்ட் வாங்கிக்கொண்டார்கள்.

நம்ப வைத்தவை இரண்டு. ஒன்று, வாராவாரம் "வீனர் எலி (பால்குடி மறந்த இளம் எலி), தின்றது" என்று வரிசையாக எழுதிய உணவு அட்டை. மற்றது, கையில் வைத்ததும் பாம்பு பந்தாகச் சுருண்டு அசையாமல் இருந்தது. "பாருங்க, எவ்வளவு சாது!" என்றார் விற்றவர். அது சாதுத்தனமே இல்லை. ராயல் பைதான் பயந்தால்தான் தலையை நடுவில் புதைத்துச் சுருளும். உடம்பு குளிர்ந்திருந்தாலும் நீர்வற்றிப் போயிருந்தாலும், சீறத் தெம்பில்லாமல் அப்படியே கிடக்கும். மனிதக் கைக்குப் பழகிய பாம்பு நாக்கை நீட்டி நீட்டி மோந்துகொண்டு விரல்களுக்கிடையே நிதானமாக ஊரும்.

அட்டை பொய் என்பதைத் தராசு காட்டியது. குட்டி 96 கிராம். முட்டையைவிட்டு வரும்போதே ஏறக்குறைய 60 கிராம் இருக்கும் இனம் இது. ஒழுங்காகத் தின்றிருந்தால் எட்டு மாதத்தில் 300 கிராமை ஒட்டியிருக்க வேண்டும். வளரும் குட்டிக்கு ஒரு வேளை இரை அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது இதற்கு 10 முதல் 14 கிராம். வீனர் எலியோ சாதாரணமாக 30 கிராமுக்கு மேல். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை வாராவாரம் விழுங்கிய பாம்பு 96 கிராமிலா நிற்கும்? முதுகெலும்பு முகடாகத் துருத்திக்கொண்டிருந்தது, விலாவில் தோல் மடிந்து கிடந்தது. செதிலுக்கடியில் உண்ணி வேறு. ஆப்பிரிக்காவில், டோகோ, கானா, பெனின் பண்ணைகளில் பொரித்து ஏற்றுமதியாகிற குட்டிகளில் அதைப் பார்க்கலாம். வீட்டில் பொரித்ததில் அது எங்கிருந்து வரும்?

வளர்ப்பில் குறை சொல்ல இடமில்லை. பாம்புப் பெட்டியில் சூட்டிடம் 32 டிகிரி, குளிர்ப் பக்கம் 26, ஈரப்பதம் 60 சதவீதம், உடம்பு உரசுகிற இறுக்கத்தில் இரண்டு மறைவிடம். முதல் வாரம் தொடவே இல்லை. எலிக்குஞ்சை இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் உருக விட்டு, பையில் போட்டு வெந்நீரில் வைத்து, அதன் தலை 38 டிகிரி சூடேறியதும் இருட்டிய பிறகு இடுக்கியில் காட்டினால், பாம்பு கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உறைந்த எலியை இரையென்றே அதற்குத் தெரியவில்லை.

கடைக்கு எழுதினால் முதலில் "புது இடம், ஸ்ட்ரெஸ்". பிறகு "உங்க டேங்க் சரியில்லை". வெப்பமானியின் படங்களை அனுப்பியதும் "ராயல் பைதான் மாசக்கணக்கில் பட்டினி கிடக்கும், தெரியாதா?" என்கிறார்கள். கொழுப்புச் சேர்ந்த பெரிய பாம்பு குளிர்காலத்தில் அப்படிக் கிடக்கும், உண்மை. 96 கிராம் குட்டி எதை வைத்துக் கிடக்கும்? கடைசியாக "உயிரினத்துக்கு ரிட்டர்ன் கிடையாது". அதுவும் பொய். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் கடையில் வாங்கும் பிராணியும் பொருள்தான். குறையிருந்தால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். அதைச் சொன்னதும் பதிலே இல்லை. 280 பவுண்ட் அங்கேயே நிற்கிறது, மருத்துவர் செலவு தனி.

விரிவாக எழுத இப்போது பொறுமையில்லை. இவற்றையாவது செய்யுங்கள்.

பணம் கட்டும் முன் கடைத் தராசில் உங்கள் கண்முன் எடை போடச் சொல்லுங்கள். எடை எழுதாத அட்டையை நம்பாதீர்கள். அந்தக் குட்டி ஃப்ரோசன் எலியைத் தின்பதை நேரில் பாருங்கள், இல்லையென்றால் தேதியோடு வீடியோ கேளுங்கள். விளம்பரத்தில் உரிம எண்ணும் பிராணியின் பூர்வீக நாடும் இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் 2018 பிராணி உரிம விதி; இல்லையா, விலகிவிடுங்கள். தின்ன மறுக்கும் குட்டிக்குத் தினமும் எலி காட்டி மிரட்டாதீர்கள், 5 முதல் 7 நாள் இடைவெளி விடுங்கள். வாயைத் திறந்து திணிக்கும் வேலையை ஊர்வன மருத்துவரிடம் விடுங்கள். தின்றதும் 48 மணி நேரம் கையில் எடுக்காதீர்கள், கக்கிவிடும்.

வங்கிப் பரிமாற்றமே வேண்டாம். கிரெடிட் கார்டில் கட்டினால் 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு கார்டு நிறுவனமும் பொறுப்பு. "பேங்க் டிரான்ஸ்ஃபர் மட்டும்தான்" என்று சொல்லித்தான் இந்த 280 பவுண்டை வாங்கினார்கள்.