பாய் கடை ஆட்டுக்கறி: அந்த 60 ரூபாய் எதற்கு?

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், மாநகராட்சி எல்லை முடிந்து ஊராட்சி தொடங்குகிற இடத்தில் இருக்கிறது இந்தக் கறிக்கடை. பெயர்ப்பலகை கிடையாது. வேப்பமரத்தடியில் ஒரு கொட்டகை, புளியமரக் கட்டை, தராசு, அவ்வளவுதான். பாய் கடை என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். ஞாயிறும் புதனும் மட்டுமே கறி. மற்ற கடைகளைவிடக் கிலோவுக்கு 60 ரூபாய் கூடுதல். "தங்கத்திலா அறுக்கிறார்?" என்று முதல் நாளே என் மனைவி கேட்டாள்.

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கறிக்கடைக்குப் போனால் கறியைப் பார்ப்பதற்கு முன் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்க்கிற பழக்கம் இன்னும் விடவில்லை. பல கடைக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை. "கறி வாங்க வந்தீர்களா, கணக்கெடுக்க வந்தீர்களா அண்ணாச்சி?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார். பாய் மட்டும், "தாராளமாகப் பாருங்கள் அண்ணாச்சி, சத்தம் போடாமல் போங்கள், மிரண்டுவிடும்" என்றார்.

பின்னால் கீற்று வேய்ந்த பட்டி. ஏழு உருப்படிகள் இருந்தன. நான்கு கன்னி ஆடுகள், கறுப்பு முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு ஓடுமே, அந்த ரகம். மிச்சம் செம்மறிக் கிடாக்கள். ஏழில் ஐந்து படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. எத்தனை படிவம் நிரப்பினாலும் இதைவிடப் பெரிய சான்று எனக்குக் கிடையாது. பயந்த ஆடு அசைபோடாது. காதை விறைத்துக்கொண்டு மூலையில் நிற்கும், இல்லையென்றால் கத்திக்கொண்டே இருக்கும்.

பாய் வாங்குவது மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில். ஞாயிறு அறுப்பதற்குச் செவ்வாயே வாங்கிவிடுகிறார். ஞாயிறு அறுக்காமல் மீந்த ஆடு புதனுக்கு. குறைந்தது நான்கு நாள் தீனி, தண்ணீர், ஓர் ஆள் கூலி. 60 ரூபாயில் பெரும்பகுதி அங்கே போகிறது. சந்தையிலிருந்து குட்டி யானை வண்டியில்தான் கொண்டுவருகிறார், ஆனால் தளத்தில் மணல் கொட்டி மேலே வைக்கோல் பரப்பி. வழுக்கும் தகரத்தில் நின்று வருகிற ஆடு ஒவ்வொரு திருப்பத்திலும் விழுந்து எழுந்து தொடையெல்லாம் கன்றிப்போய் வந்து சேரும். கன்றிய இடத்தைப் பிறகு வெட்டித்தான் எறிய வேண்டும். நான்கு காலையும் கட்டிப் போடுகிற வழக்கம் பாயிடம் இல்லை.

2001-இல் மத்திய அரசு கொண்டுவந்த இறைச்சிக்கூட விதிகள், பரிசோதனை முடிந்த விலங்கை 24 மணி நேரம் ஓய்வில் வைத்த பிறகே அறுக்க வேண்டும் என்கின்றன. ஒன்றின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது, சினையாக இருப்பதை அறுக்கக் கூடாது, மருத்துவர் ஒரு மணி நேரத்தில் 12 விலங்குகளுக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. அதாவது ஒன்றுக்கு ஐந்து நிமிடம். தீபாவளிக்கு முந்தைய இரவில் அந்த ஐந்து நிமிடம் என்ன ஆகும் என்பதை நான் பணியில் இருந்தபோது பார்த்திருக்கிறேன்; எந்த ஊர் என்பது வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், இந்த விதிகள் இறைச்சிக்கூடம் என்று சொல்வது நாளுக்குப் பத்தும் அதற்கு மேலும் அறுக்கிற இடத்தைத்தான். பாய் அறுப்பது நான்கைந்து. கட்டாயப்படுத்த ஆளில்லாத இடத்தில் விதி நடக்கிறது.

அறுப்பு விடியற்காலை நான்கு மணிக்கு. ஒரு நாள் பாயிடம் கேட்டு, கூட நின்று பார்த்தேன். முந்திய மாலையே தீனியை நிறுத்திவிட்டார், தண்ணீர்த் தொட்டி மட்டும் இருந்தது. கத்தியைப் பட்டியிலிருந்து தள்ளி, கடையின் முன்பக்கத்தில் வைத்துத் தீட்டினார். ஆடு பார்க்கத் தீட்டக்கூடாது என்பது அவருக்கு மார்க்கம் சொல்லிக்கொடுத்தது. கூட்டிவரும்போது காதைப் பிடிக்கவில்லை, காலைப் பிடித்து இழுக்கவில்லை. தாடைக்குக் கீழே ஒரு கை, பின்தொடையில் ஒரு கை, ஆடு தானாக நடந்து வந்தது. இறைவன் பெயரைச் சொல்லி ஒரே இழுப்பு. பிறகு அவர் செய்ததைத்தான் சொல்ல வேண்டும்: குந்தி உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் காத்திருந்தார். ரத்தம் வடிந்து நின்ற பின், விரல் நுனியால் விழியைத் தொட்டார். இமை அசையவில்லை. இன்னும் சற்றுப் பொறுத்து மறுபடி தொட்டார். அதற்கப்புறம்தான் தோலில் கத்தி வைத்தார். ஆடு துடித்துக்கொண்டிருக்கும்போதே கால் தோலை உரிக்கத் தொடங்குகிற அவசரக்காரர்களை நிறையப் பார்த்தவன் நான்.

அன்றுதான் ஒரு குறையும் கண்ணில் பட்டது. பட்டிக்கும் அறுக்கிற இடத்துக்கும் நடுவே தகரத் தடுப்பு. அதில் ஆட்டின் கண் உயரத்துக்குச் சரியாக ஒரு கிழிசல். ஒரு கிடா அதில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றது. பாயைக் கூப்பிட்டுக் குனிந்து பார்க்கச் சொன்னேன். குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. அடுத்த வாரம் சாக்குத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார். சத்தமும் வாடையும் சாக்குக்குக் கட்டுப்படாது. பட்டியை இன்னும் இருபது அடி தள்ளிப் போட வேண்டும். இடமில்லை என்கிறார். எனக்குத் திருப்தி இல்லை.

மின்சாரத்தால் மயக்கி அறுக்கிற முறையைப் பற்றியும் பேசினோம். அவர் ஒப்பவில்லை. அறுப்பதற்குள் ஆடு செத்துப்போனால் மார்க்கப்படி அந்தக் கறி ஆகாது என்பது அவர் கவலை. என் கட்சி வேறு. வாரம் தவறாமல் இன்றும் அதைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

சமையல்கட்டுக்கு வருகிறேன். போன ஆண்டு வேறொரு கடையில் பண்டிகைக்கு முதல் நாள் வாங்கிய கறி கருஞ்சிவப்பாக, விரலில் ஒட்டுகிற மாதிரி இருந்தது. மாலைக்குள் வாடை வந்துவிட்டது. மனைவி கடைக்காரரைத் திட்டினாள். நான் அந்த ஆடு வந்த வழியை நினைத்தேன். பட்டினியும் பயமுமாக வருகிற விலங்கின் தசையில் இருக்கிற கிளைக்கோஜன் என்கிற சர்க்கரைச் சேமிப்பு வழியிலேயே தீர்ந்துவிடும். அறுத்த பிறகு அதிலிருந்துதான் லாக்டிக் அமிலம் ஊற வேண்டும். அமிலம் போதாத கறி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். பாய் கடைத் தொடைக்கறி நல்ல சிவப்பு. கையில் எடுத்தால் ஒட்டாது. குக்கரில் ஐந்தாவது விசிலுக்கு எலும்பை விட்டுக் கழன்றுவிடுகிறது. மனைவி இப்போது 60 ரூபாயைப் பற்றிப் பேசுவதில்லை.

சித்திரையில் ஒரு பெட்டை ஆடு வந்தது. வயிற்றைத் தடவிய பாய் கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். நானும் தொட்டேன், உள்ளே குட்டி உதைத்தது. சந்தையில் சொல்லாமல் விற்றிருக்கிறார்கள். பட்டிக்கு வெளியே வேப்பமரத்தில் கட்டினார். மூன்று வாரத்தில் இரண்டு குட்டி. அந்த ஆட்டின் விலை அவருக்கு நஷ்டம்தானே என்று கேட்டதற்கு, "கணக்கு எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் அண்ணாச்சி" என்றார். இரண்டும் இப்போது வாடிக்கையாளர்களின் பையை மேய்ந்துகொண்டு திரிகின்றன. கொத்தமல்லிக் கட்டை ஒளித்துக்கொண்டு போங்கள்.

கடைக்கு வேறு குறைகளும் உண்டு. கழுவுகிற தண்ணீர் சாலையோரத்தில் ஓடுகிறது, ஈ மொய்க்கிறது. கைபேசியில் பணம் அனுப்பினால் வாங்கமாட்டார், சில்லறையோடு போக வேண்டும். வரிசை கிடையாது, யார் குரல் பெரிதோ அவருக்கு முதலில். நெஞ்செலும்பு கேட்டால் கழுத்தையும் கலந்து போடுவார், கவனியுங்கள்.

ஞாயிறு ஏழு மணிக்குள் போனால்தான் ஈரல், சுவரொட்டி, குடல் எல்லாம் கிடைக்கும். தாமரை இலையில் கட்டித் தருவார், தூக்குவாளி கொண்டுபோவது நல்லது. தராசுக்குப் பின்னால் மூடி வைத்திருக்கிற சிறிய கிண்ணத்தைக் கேட்காதீர்கள். அந்தச் சுவரொட்டி எனக்கு.