மொறிஸ் மைனர் பிக்கப்: யாழ்ப்பாணத்தில் வைத்து ஓட்டிய அனுபவம்

பழைய மைனர் பிக்கப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். "இஞ்சின் நல்லா ஓடுது அண்ணை, ஒரு பொட்டுப் புகை இல்லை" என்பார்கள். நான் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. இந்த வண்டியில் இஞ்சின் கெட்டிருந்தால் பரவாயில்லை. கீழே படுத்து செசியை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தைப் பார்த்தீரா, முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கிச் சில்லை ஆட்டிப் பார்த்தீரா என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

எங்களிடம் இருப்பது 1964 ஆம் ஆண்டு வண்டி, 1098 சிசி. சுன்னாகம் சந்தைக்கு வெங்காயமும் புகையிலையும் ஏற்றவென்று பெரியப்பா வாங்கியது. மைனர் கார் 1948 இல் வெளிவந்தது, வானும் பிக்கப்பும் 1953 இல் சேர்ந்தன. காருக்கும் பிக்கப்புக்கும் முகம் ஒன்றுதான் என்றாலும் உள்ளே பெரிய வித்தியாசம் இருக்கிறது. காருக்குத் தனியாக செசி இல்லை, பொடியே பாரத்தைத் தாங்கும். பிக்கப்புக்குப் பின்பக்கம் வரை ஓடும் தனி செசி உண்டு. பின்பெட்டி உக்கிப்போனால் அதைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யலாம். ஆனால் அந்த செசியே உக்கிப்போயிருந்தால் வண்டியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இஞ்சின் பட்ட பாட்டைச் சொன்னால் இங்கிலாந்தில் அதைச் செய்தவர்களே நம்பமாட்டார்கள். 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின் குடாநாட்டில் பெற்றோல் குதிரைக்கொம்பு. எல்லா வண்டியும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றர் வாயில் சில துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதற்குத்தான் அந்தத் துளிப் பெற்றோல். பற்றறியும் வரத்து இல்லாத காலம். முன்னால் ஹான்டிலைச் செருகிக் கையால் சுழற்றித்தான் எழுப்ப வேண்டும். சுழற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் போய்விடும். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சிக்குச் சாமான் ஏற்றிப் போனதும் மண்ணெண்ணெயில்தான். திரும்பி வந்தபின் கொட்டிலுக்குள் விட்டதோடு சரி, பிறகு அது நெடுங்காலம் கோழி அடைகிற இடமாகக் கிடந்தது.

திருத்தத் தொடங்கியபோது இஞ்சினைப் பிரித்தோம். பிஸ்டன் தலையில் கரி கட்டியாக இறுகிப்போய் இருந்தது. றிங்குகள் தவாளிப்புக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தன. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலை நீர்க்கச் செய்துவிடும், அதனால் போர் என்கிற சிலிண்டரின் உள்துளையும் தேய்ந்திருந்தது. அந்தத் துளையைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். ஈயமில்லாப் பெற்றோல் வால்வு ஆசனத்தைத் தின்னும் என்பதால் கடினமான ஆசனங்களும் இறக்கினோம். அவ்வளவுதான். சாமான் கிடைப்பதில் பெரிய கரைச்சல் இல்லை, ஏனென்றால் இது 1951 இல் ஒஸ்ரின் ஏ30 இல் அறிமுகமான ஏ வரிசை இஞ்சின், அதே குடும்பம் மினிக்குள் 2000 ஆம் ஆண்டு வரை ஓடியது. கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் பொறுமையாக ஏறி இறங்கினால் பாதிச் சாமான் எடுத்துவிடலாம். மீதி இங்கிலாந்திலிருந்து வரும், சுங்க வரியோடு.

அந்த நேரத்தில் பலர் இதற்குப் பதிலாக நிசான் சனி (Sunny) காரின் இஞ்சினைப் பூட்டச் சொன்னார்கள். நல்ல இஞ்சின்தான், இழுவையும் கூட. ஆனால் அதைப் போட்டால் பிரேக்கும் அதற்கேற்ப மாற்ற வேண்டும், பதிவுப் புத்தகத்திலும் இஞ்சின் இலக்கத்தை மாற்ற வேண்டும். சந்தைக்குப் போய் வரும் வண்டிக்கு இது தேவையா என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அதே எண்ணம்தான்.

பணத்தை விழுங்கியது பொடி வேலை. முதலில் கொடுத்த இடத்தில் கறளை வெட்டி எடுக்காமல் மேலேயே தகட்டை ஒட்டி, பட்டி பூசி, பளபளவென்று பெயின்ற் அடித்துத் தந்தார்கள். ஒரு மாரி முடிவதற்குள் கதவுக்குக் கீழே பெயின்ற் கொப்பளித்தது. சுத்தியல் பிடியால் தட்டினால் பொத்பொத்தென்று சத்தம். அடுத்த இடத்தில் எல்லாவற்றையும் சுரண்டி, நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி, புதுத் தகடு வைத்தார்கள். மைனரில் கறள் தங்கும் இடங்கள் எல்லோருக்கும் பொதுவானவை: கியர்பெட்டிக்குக் கீழே குறுக்காக ஓடும் சட்டம், பின் ஸ்பிரிங் செசியில் பிடிக்கும் இடம், ஆட்கள் கால் வைக்கும் தரைத்தகட்டின் ஓரம். கடற்கரைப் பக்கம் நின்ற வண்டியென்றால் இதையெல்லாம் ஸ்குரூ டிரைவரால் குத்தியே பார்க்க வேண்டும். விற்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஒருகாலத்தில் மைனருக்கான உடல் தகடுகளை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இன்று நாங்கள் அங்கிருந்து வரவழைக்கிறோம்.

அப்புறம் முன்கால், அதாவது முன்சில்லைத் தாங்கும் பகுதி. எங்கள் மெக்கானிக் ஐயா முதல் நாளே சொன்னார்: "தம்பி, இஞ்சினை விடும். முதல்ல காலைப் பாரும்." மைனரின் முன் சில்லு ஒவ்வொன்றும் நிமிர்ந்து நிற்கும் ஒரு கிங்பின்னில் நிற்கிறது. அதன் மேலும் கீழும் புரி வெட்டியிருக்கும். ஸ்ரேறிங்கை ஒடிக்கும்போது அந்தப் புரிக்குள்தான் அது சுழலும். கிறீஸ் போகாவிட்டால் புரி தேயும். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் கீழ்ப்பக்கம் கழன்று வர, சில்லு வெளியே மடிந்து வண்டி மூக்குக் குத்தி நிற்கும். பெரும்பாலும் மெதுவாக முழுவதும் ஒடித்துத் திருப்பும்போதுதான் இது நடக்கும் என்பது ஒரு சின்ன ஆறுதல். வேகத்தில் நடந்தால் கதை வேறு.

பார்ப்பது சுலபம். சில்லைத் தரையிலிருந்து தூக்கி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் பெயரிங் ஆட்டத்தையும் கிங்பின் ஆட்டத்தையும் பிரித்தறியலாம். பிரேக் பிடித்த பிறகும் டக்டக்கென்று ஆடினால் கிங்பின். எங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் புதிது போட்டோம். அதன்பிறகு கிறீஸ் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கிறது. பாரத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டு அடித்தால்தான் கிறீஸ் புரிக்குள் ஏறும். பழைய கறுப்புக் கிறீஸ் பிதுங்கி வெளியே வந்து, பின்னால் புதிது வரும் வரை அடிக்க வேண்டும். சேர்விஸ் நிலையங்களில் இப்போது கிறீஸ் ஏற்றும் இந்த நிப்பிளைத் தேடுகிற பெடியன்கள் குறைவு. அவர்களில் பிழை இல்லை, அவர்கள் பார்க்கும் வண்டிகளில் அப்படி ஒன்று கிடையாதே.

பிரேக் எண்ணெயைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஓட்டுநரின் காலுக்குக் கீழே, செசிச் சட்டத்துக்குள். எண்ணெய் பார்க்கவே பாயைத் தூக்கி, தரையில் உள்ள மூடியைக் கழற்ற வேண்டும். கழற்றி எடுப்பதென்றால் அதன் ஆணியை உருவ, முன்சில்லுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் ரோர்ஷன் பார் குறுக்கே நிற்கும், அதையும் அசைக்க வேண்டும். மைனரை வரைந்த அலெக் இசிகோனிஸ் பெரிய மேதை, பிறகு மினியைத் தந்தவர், எல்லாம் சரி. அந்தச் சிலிண்டரை அவர் தன் கையால் ஒருமுறையாவது கழற்றியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். நான்கு சில்லுக்கும் டிரம் பிரேக்தான். 1098 இஞ்சினோடு வந்த வண்டிகளில் முன்டிரம் 8 அங்குலம், அதற்கு முந்தியவற்றில் 7. நல்ல நிலையில் இருந்தால் போதுமானது. நின்ற வண்டி என்றால் ரப்பர் வளையங்களையும் குழாய்களையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

மின்சாரத்தில் மட்டும் பழமையை விட்டுக்கொடுத்தோம். மைனரில் பற்றறியின் நேர்முனைதான் பொடியில் பிடிக்கும், இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். போன் சார்ஜர் ஒன்று பூட்டுவதற்கே யோசிக்க வேண்டும். டைனமோவும் இரவில் லைற், வைப்பர் எல்லாம் சேர்ந்தால் திணறும். அல்ரனேற்றர் போட்டு முனையையும் மாற்றிவிட்டோம். அசலாக வைத்திருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் கோபிப்பார்கள். மாரி மழையில் இரவு வீடு வந்து சேர வேண்டியவன் நான்.

ஓட்டுவது எப்படி? முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) இல்லை, வண்டி நன்றாக நின்றபிறகே போட வேண்டும். லைற்றை ஏற்றி இறக்கும் சுவிற்ச் இடது காலுக்குக் கீழே இருக்கிறது, பழகியபின் இதுவே வசதி. ஸ்ரேறிங்தான் இந்த வண்டியின் சொத்து. ராக் அன்ட் பினியன் என்பதால் கை சொன்னதைச் சில்லு உடனே கேட்கும், அந்தக் காலத்து மற்ற வண்டிகள்போல் ஸ்ரேறிங் கால்வாசி வட்டம் சும்மா சுழலாது. 60, 65 கிலோமீற்றர் வேகத்தில் மணிக்கணக்காக ஓடும். ஏ9 நெடுஞ்சாலையில் 80 தாண்டினால் இஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க முடியாது, பின்னால் பஸ்காரரும் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருப்பார். வெறும் பெட்டியோடு ஓடினால் பின்பக்கம் துள்ளும். நான்கைந்து மூட்டை வெங்காயம் ஏற்றினால் படுத்துவிடும். நான் கால் தொன்னுக்கு மேல் ஏற்றுவதில்லை.

சித்திரை வெயிலில்தான் கொஞ்சம் கரைச்சல். சந்தையில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து எடுத்தால், குழாயில் பெற்றோல் ஆவியாகிப் போய் வண்டி எழும்பாது. பொனற்றைத் திறந்துவைத்து, ஈரத்துணியைப் பம்பிலும் குழாயிலும் சுற்றிவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்து வந்தால் சரியாகிவிடும். இதில் உள்ள எஸ்யு மின்பம்ப் திறப்பைத் திருப்பியதும் டிக்டிக் என்று அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் நின்றுவிடும். நிற்காமல் அடித்தால் ராங்கி காலி, அல்லது எங்கோ ஒழுகுகிறது. ஒன்றுமே அடிக்காவிட்டால் உள்ளே மின்சாரம் தொடும் பொயின்ற் ஒட்டியிருக்கும், பம்பை ஸ்பனரால் மெல்லத் தட்டினால் எழும்பும்.

லீற்றருக்கு 11, 12 கிலோமீற்றர் கொடுக்கிறது. ஒயில் கசிவு எப்போதும் கொஞ்சம் இருக்கும், பின்பக்கம் கிராங்கில் ரப்பர் சீல் இல்லாத இஞ்சின் இது. கீழே ஒரு தட்டு வையுங்கள். 2022 இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், கியூஆர் காட்டி அளந்து வாங்கிய மாதங்களில் இது கொட்டிலிலேயே நின்றது.

விலையைப் பற்றிச் சொன்னால், 2020 இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து கோழிக்கூடாகக் கிடந்த வண்டிக்கும் ஆட்கள் வாய்க்கு வந்த விலை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். 2025 இல் இறக்குமதியைத் திறந்தும் அது இறங்கியதாகத் தெரியவில்லை. தினமும் கொழும்பு போய் வருபவர், வீட்டில் ஒரே வண்டி வைத்திருப்பவர் இதை எடுக்க வேண்டாம். தோட்டம், சந்தை, கோயில் என்று ஊருக்குள் ஓடுபவர், சனிக்கிழமை காலையில் கையில் கிறீஸ் பட்டால் கோபப்படாதவர் தாராளமாக எடுக்கலாம். இஞ்சின் இறுகிப்போன வண்டி, செசி நல்லது, புத்தகத்தில் உள்ள இலக்கம் செசியில் உள்ளதோடு ஒத்துப்போகிறது என்றால் நான் பேரம் பேசுவேன். இஞ்சின் மணிபோல் ஓடி, செசியில் பட்டி பூசியிருந்தால் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.