"மைனஸ் 20 வரை தாங்கும்" என்று விற்கும் வீடியோ காலிங் பெல்: பணம் கட்டும் முன் படியுங்கள்

பெல் விலை, ஓராண்டுச் சந்தா, கம்பி இழுத்த கூலி. மூன்றும் போச்சு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வாங்கியது ஸ்மார்ட் கருவிகள் மட்டும் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில். கேட்ட கேள்வி ஒன்றுதான்: கடுங்குளிரில் பேட்டரி நிற்குமா? சாட்டில் வந்த பதில்: "மைனஸ் 20 டிகிரி வரை தாங்கும். பழைய பெல் கம்பியை இதில் கொடுத்துவிட்டால் தானாகச் சார்ஜ் ஏறும், கழற்றவே வேண்டாம்." அந்தக் "கழற்றவே வேண்டாம்"தான் பணத்தைக் கட்ட வைத்தது.

சுத்தப் பொய். லித்தியம் அயன் பேட்டரி மைனஸ் 20-லும் மின்சாரம் கொடுக்கும், திறன் குறைந்தாலும். ஆனால் 0 டிகிரிக்குக் கீழே அதில் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏற்றினால் லித்தியம், பேட்டரிக்குள் அதை வாங்கிக்கொள்ளும் கரி அடுக்கான கிராஃபைட்டுக்குள் நுழையாமல் மேலேயே உலோகமாகப் படியும். பேட்டரி நிரந்தரமாகக் கெடும், உள்ளுக்குள் ஷார்ட் ஆகவும் கூடும். அதனால் பெல்லில் இருக்கும் சர்க்யூட்டே சார்ஜை நிறுத்திவிடுகிறது. கம்பியில் கரண்ட் வந்துகொண்டுதான் இருக்கும், பேட்டரிக்குள் துளியும் ஏறாது. பகலிலும் பூஜ்யத்தைத் தாண்டாத ஒரு வாரம் வந்தால் போதும், கம்பி கொடுத்த பெல்லும் நாளுக்கு நாள் இறங்கும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு வரி: "இயக்கம்: மைனஸ் 20 முதல் 50", அதற்குக் கீழே "சார்ஜ்: 0 முதல் 45". பெட்டியின் மேல் முதல் வரி மட்டும்தான்.

அது நின்றுபோகும் விதத்தைப் பாருங்கள். ஆப்பில் 38% காட்டுகிறது. இருட்டில் யாரோ பட்டனை அழுத்துகிறார்கள். அகச்சிவப்பு விளக்கு, வைஃபை, ஸ்பீக்கர் மூன்றும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்கின்றன. குளிரில் பேட்டரியின் உள்தடை ஏறியிருப்பதால் வோல்டேஜ் சட்டென்று விழுகிறது. பட்டனைச் சுற்றி ஓடும் நீல வளையம் பாதியிலேயே அணைகிறது, மணி அடிக்கவே இல்லை. பேட்டரியை உள்ளே கொண்டுவந்து சில மணி நேரம் வைத்தால், சார்ஜ் போடாமலே மறுபடி ஓடுகிறது. இதற்குத்தான் "உங்க வைஃபை வீக்" என்றார்கள்.

முதல் புகாருக்கு ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னார்கள். அடுத்து, ஃபர்ம்வேர் அப்டேட் வரும், பொறுங்கள். அப்புறம், வீடியோ எடுத்து அனுப்புங்கள். அனுப்பியதும், "குளிரில் இப்படி ஆவது இயல்பு." இயல்பு என்று தெரிந்தவர்கள் விற்கும்போது ஏன் வாயைத் திறக்கவில்லை? அதற்குள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது. சந்தாவும் தொடங்கியாச்சு, திரும்பாதாம். கூலியை யாரிடம் கேட்பது? பெல் விலை, சந்தா, கூலி, மூன்றும் போச்சு.

விரிவாக வழி சொல்ல நினைத்தேன், இப்போது முடிந்தது இவ்வளவுதான். உறைகுளிர் இருக்கும் இடமென்றால் பேட்டரியே இல்லாமல் நேராகக் கம்பியில் ஓடும் மாடலை எடுங்கள். அதிலும் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள்: பெரும்பாலும் 16 முதல் 24 வோல்ட் ஏசி கேட்கும், பழைய 10 விஏ (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மர் கொடுக்கும் திறனின் அளவு) டிரான்ஸ்ஃபார்மர் பலவற்றுக்குப் போதாது. ஏற்கெனவே பேட்டரி பெல் மாட்டியவர்கள், பேட்டரியை உள்ளே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்து மேலே படிந்த ஈரம் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். ஹேர் டிரையர் காட்டாதீர்கள். மோஷன் எல்லையை, அதாவது அசைவைக் கவனிக்கும் பரப்பை, ஆப்பில் சுருக்குங்கள். பனி விழும் இரவில் ஒவ்வொரு துகளும் அகச்சிவப்பு ஒளியில் வெள்ளைப் புள்ளியாக மின்னும்; படத்தை வைத்து அசைவைப் பிடிக்கும் மாடல் அதை ஆள் நடமாட்டம் என்று எடுத்துப் பதிவை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

வாங்கும் முன் "பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏறுமா?" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். பதிலை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். "கழற்றவே வேண்டாம்" என்று எழுதிய அந்தச் சாட் இப்போது ஆப்பில் இல்லை.