1999-இன் அசெம்பிள்டு கணினி: காலந்தாழ்ந்த ஒரு மதிப்புரை

கணினி உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் 1999-ஆம் ஆண்டின் இறுதியில் உதிரிபாகங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, கடைக்காரர் கையாலேயே பூட்டப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கணினியைப் பற்றியது இந்த மதிப்புரை. 400 மெகாஹெர்ட்ஸ் செலரான் செயலி, இன்டெல் 810 சிப்செட் (பாகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் சில்லுத் தொகுதி) கொண்ட மதர்போர்டு, 64 எம்பி ரேம், 4.3 ஜிபி ஹார்ட் டிஸ்க், 14 அங்குல வண்ண மானிட்டர், விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு என்று கொட்டேஷன் தாளில் வரிசையாக எழுதியிருந்தது. மொத்த விலை ரூ.35,000-ஐ ஒட்டி வந்தது. பெரிய நிறுவனங்களின் முத்திரையோடு வந்த கணினிகள் இதைவிடக் கணிசமாக விலை கூடியவை என்பதால், மாதச் சம்பளக் குடும்பங்கள் பலவும் அசெம்பிள்டு பக்கமே சாய்ந்தன.

கொடுத்த பணத்துக்குச் செயலி குறை வைக்கவில்லை. 1998 ஏப்ரலில் வெளியான முதல் செலரானில், அடிக்கடி தேவைப்படும் தரவைச் செயலிக்கு அருகிலேயே வைத்திருக்கும் இரண்டாம் நிலை கேஷ் நினைவகமே கிடையாது. அதனால் அது நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ முதல், செயலிச் சில்லுக்குள்ளேயே 128 கேபி கேஷ், செயலியின் முழு வேகத்தில் இயங்கும்படி சேர்க்கப்பட்டது. விலை உயர்ந்த பென்டியம் 2-இல் 512 கேபி இருந்தாலும் அது பாதி வேகத்தில்தான் ஓடியது என்பதால், அன்றாட வேலைகளில் இரண்டுக்கும் இடையே இருந்த தூரம் விலைப்பட்டியல் காட்டிய அளவுக்குப் பெரிதாக இல்லை. 300ஏ-வை 450 மெகாஹெர்ட்ஸ் வரை விரட்டி ஓட்டியவர்கள் அந்நாளில் அதைத் தனிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். எங்களுடைய 400 அந்த விளையாட்டுக்கு ஏற்றதல்ல.

வாங்கும்போது யாரும் வாய்திறக்காத குறை மதர்போர்டில் இருந்தது. 810 சிப்செட்டில் கிராஃபிக்ஸ் உள்ளடங்கியே வருவதால் தனி அட்டைக்கான செலவு மிச்சம்தான்; ஆனால் அது 64 எம்பி ரேமிலிருந்தே தனக்கான பங்கை எடுத்துக்கொள்ளும், பிற்பாடு நல்ல அட்டை போடலாம் என்றால் அதைச் சொருகும் ஏஜிபி ஸ்லாட்டும் கிடையாது. கடிதம் எழுதவும் பாட்டுக் கேட்கவும் இது போதும். முப்பரிமாண விளையாட்டுகளுக்கு ஆசைப்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது தவறான தேர்வு.

இந்தத் தொகுப்பில் காலத்தை வென்று நின்ற ஒரே பாகம் டிவிஎஸ் கோல்டு விசைப்பலகை. ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி மெக்கானிக்கல் சுவிட்ச் உண்டு. அழுத்தம் பாதி வழி போகும்போதே ‘டிக்’கென்ற ஒலியுடன் எழுத்து விழுந்துவிடும். நள்ளிரவில் தட்டினால் வீடே விழித்துக்கொள்ளும் என்பதைத் தவிர இதில் சொல்லக் குறையில்லை. மானிட்டரோ 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்து) ஓடியபோது கண்ணை உறுத்தியது. அமைப்புக்குள் சென்று 75-க்கு மாற்றிய பிறகே நீண்ட நேரம் உட்கார முடிந்தது.

விண்டோஸ் 98-ஐப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1998-இல் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கணினிக் கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் அருகில் நிற்கும்போதே, ஸ்கேனரை இணைத்ததும் பிழை அறிவிக்கும் நீலத்திரையைக் காட்டிப் படுத்த மென்பொருள் அது. நம் ஊர் மின்வெட்டில் அதன் பாடு இன்னும் மோசம்: மின்சாரம் திரும்பியதும் வட்டின் பிழைகளைத் தேடும் ஸ்கேன்டிஸ்க் நிரல், வட்டு முழுவதையும் மெல்லத் துழாவி முடிக்கும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டும். யுபிஎஸ் வாங்காதவர்களுக்கு அந்த நீலப் பின்னணி மனப்பாடம்.

தமிழ் எழுதுவதில்தான் உண்மையான சோதனை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி தமிழ் 99 விசைப்பலகையும் டாப், டாம் குறியேற்றங்களும் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுக்கும் முறைகள்) தரப்படுத்தப்பட்டன. ஆயினும் புழக்கத்தில் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்ற நிலை உடனே மாறிவிடவில்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுக் குறியேற்றமான யூனிகோடில் தமிழை, விண்டோஸ் வரிசையில் விண்டோஸ் 2000 தான் லதா எழுத்துருவுடன் முதலில் கொண்டுவந்தது. ஆகவே இந்தக் கணினியில் அடித்த ஒரு கடிதத்தை அடுத்த தெருவில் உள்ள கணினியில் திறக்க வேண்டுமானால், கோப்போடு எழுத்துருவையும் ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தாக வேண்டும். இல்லையேல் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குவியல்தான் தெரியும்.

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் முதல் கணினியாக இதற்கு நான் உயர்ந்த மதிப்பெண் தருவதற்குக் காரணம், எதையும் இது மூடி மறைக்கவில்லை என்பதே. கணினி உயிர்பெறாமல் நீண்ட ‘பீப்’ ஒலி மட்டும் எழுப்பினால், பக்கத் தகட்டைக் கழற்றி, ரேமை எடுத்து, அதன் பொன்னிறப் பட்டைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மீண்டும் சொருகினால் பெரும்பாலும் எழுந்துவிடும். ரேம் கூட்டுவது, இரண்டாவது ஹார்ட் டிஸ்க்குக்கு ஜம்பர் (முதன்மை வட்டா துணை வட்டா என்று குறிக்கும் சிறு இணைப்பான்) மாற்றுவது, நின்றுபோன மின்விசிறியைக் கழற்றி மாட்டுவது எல்லாம் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரில் முடிந்தன. ரேமையும் சேமிப்பையும் பலகையோடு பற்றவைத்துவிடும் இன்றைய மெல்லிய லேப்டாப்பில் பதினான்கு வயதுப் பிள்ளை கைவைக்க இப்படி ஓர் இடம் கிடையாது.

இத்தகைய பழைய கணினியை இப்போது வாங்க நினைப்பவர்கள் மின்இணைப்பு கொடுக்கும் முன் மதர்போர்டில் சிறு உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களைப் பார்க்க வேண்டும். தலை உப்பியிருந்தால் மாற்றாமல் இயக்கக் கூடாது. தேதி நிலைக்காவிட்டால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரியை மாற்றினாலே பெரும்பாலும் போதும். ஹார்ட் டிஸ்க் ஓடினால் முதல் வேலையாக உள்ளிருப்பதை நகலெடுங்கள். டிவிஎஸ் கோல்டு சேர்ந்து கிடைத்தால் அதிகம் பேரம் பேச வேண்டாம்.