பரமட்டாவில் ஆர்.எஸ்.ஏ. வகுப்பு: சட்டம் தெளிவு, ஒத்திகை போதாது

சிட்னியில் உணவகத்திலோ மதுக்கூடத்திலோ மதுபானம் பரிமாறும் வேலைக்குச் செல்வோர் கட்டாயம் முடிக்க வேண்டியது, ஆர்.எஸ்.ஏ. எனப்படும் பொறுப்புடன் மதுபானம் பரிமாறும் பயிற்சி. பரமட்டாவில் தனியார் நிறுவனம் ஒன்று நடத்தும் நேரடி வகுப்பில் அண்மையில் சேர்ந்து அதை முடித்தேன். பகுதிநேர வேலை தேடும் தமிழ் மாணவர்களுக்கும் உணவகம் நடத்துவோருக்கும் பயன்படலாம் என்பதால் என் மதிப்பீட்டை எழுதுகிறேன்.

வகுப்பின் சிறந்த பகுதி சட்டம்தான். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 2007ஆம் ஆண்டு மதுபானச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, ஒருவரைப் போதையில் இருப்பவர் என்று கருத இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து நிறைவேற வேண்டும்: அவருடைய பேச்சு, உடல் சமநிலை, உடலசைவு, நடத்தை ஆகியவற்றில் ஏதேனும் கண்ணுக்குத் தெரியும்படி பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அதற்குக் குடிதான் காரணம் என்று நம்புவதற்கு நியாயமான அடிப்படையும் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையைப் பயிற்றுநர் அவசரப்படாமல் விளக்கினார். இரத்தச் சர்க்கரை குறைந்தவரும் தலையில் அடிபட்டவரும் குழறிப் பேசலாம், தள்ளாடலாம் என்பதால், முடிவுக்கு வருமுன் அவர் என்ன குடித்தார், எவ்வளவு நேரமாக அமர்ந்திருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். முழு ஓட்டுநர் உரிமத்துடன் வண்டி ஓட்டுபவருக்கு இரத்தத்தில் ஆல்கஹால் அளவுக்கு 0.05 என்ற எல்லை உண்டு; பரிமாறுபவருக்கோ கண்ணும் காதும்தான் கருவி.

அதே சட்டத்தின் 73ஆம் பிரிவு மதுபான உரிமதாரர்களைக் கவலைப்பட வைக்கும். போதையில் இருப்பவர் கடைக்குள் காணப்பட்டாலே உரிமதாரர் அதை அனுமதித்தார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பரிமாற மறுத்தது, வெளியேறச் சொன்னது, தேவைப்பட்டபோது காவல்துறையை அழைத்தது போன்ற நடவடிக்கைகளை எடுத்ததாக அவரே நிரூபிக்க வேண்டும். அபராதம் 11,000 டாலர் வரை போகலாம். பரிமாறிய பணியாளருக்கும் பொறுப்பு உண்டு. போதையேறிய நண்பருக்குக் கோப்பை வாங்கி நீட்டும் வாடிக்கையாளரும் தப்ப முடியாது. வெளியேற்றப்பட்டவர் 24 மணி நேரத்துக்கு அதே இடத்துக்குள் திரும்பி வரக் கூடாது, அதன் 50 மீட்டர் சுற்றளவில் நின்றுகொண்டிருக்கவும் கூடாது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

10 கிராம் ஆல்கஹால் சேர்ந்த பானம் ஒரு நிலையான அளவு (ஸ்டாண்டர்ட் டிரிங்க்) என்னும் கணக்கை வகுப்பு வேகமாகக் கடந்தது. அதில் குறையில்லை, சுவரொட்டியிலேயே படித்துவிடலாம்.

குறை, மறுத்துச் சொல்லும் ஒத்திகையில்தான். “குடித்திருக்கிறீர்கள்” என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது, நண்பர்கள் முன் குரல் உயர்த்தக் கூடாது, தனியே அழைத்துத் தணிவாகப் பேசித் தண்ணீரோ உணவோ தர முன்வர வேண்டும் என்ற அறிவுரைகள் சரியானவை. ஆனால் ஆளுக்கு ஓரிரு நிமிடமே பேசிப் பார்க்க விட்டார்கள். அதுவும் முன்பின் தெரியாத வாடிக்கையாளரை வைத்துத்தான். வென்ட்வொர்த்வில் பக்கம் நம்மவர் உணவகத்தில் பிறந்தநாள் விழா நடக்கும்போது, மறுக்கப்பட வேண்டியவர் பெரும்பாலும் முதலாளிக்கு வேண்டியவராகவும் பரிமாறும் பையனைத் “தம்பி, இன்னும் ஒன்றுதானே” என்று அழைக்கும் வயதினராகவும் இருப்பார். “அண்ணா, இதற்கு மேல் ஊற்றினால் வழக்கு என் மேல்தான் வரும்” என்று சொல்லும் துணிவு அச்சிட்ட தாளிலிருந்து வந்துவிடாது. பணியாளர் மறுத்தால் மேலாளர் அவர் பக்கம் நிற்க வேண்டும் என்பதையும் வகுப்பு அழுத்திச் சொல்லியிருக்கலாம். முதலாளியே கண்ணசைத்து ஊற்றச் சொன்னால் என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டதற்குச் சட்டப் பிரிவை மீண்டும் படித்துக் காட்டியதோடு சரி.

முடித்தவுடன் கிடைக்கும் இடைக்காலச் சான்றிதழ் 90 நாள் செல்லும். அதற்குள் மாநில அரசின் சேவை அமைப்பான சர்வீஸ் என்.எஸ்.டபிள்யூ. வழியாகத் தகுதி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அட்டை 5 ஆண்டு செல்லும். புதுப்பிப்பவர்கள் இணையப் பயிற்சியிலேயே முடித்துக்கொள்ளலாம். முதல் முறை சேருபவர்கள் நேரடி வகுப்புக்கே போகலாம். சேருமுன் ஒத்திகைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.